ஞானசௌந்தரி ஸ்டோர்ஸில் சோதனை

"தேடு சார். இன்னாத்துக்கு நிக்கிற? உள்ள பூந்து தேடு" என்று ஞானசௌந்தரி முந்தானையை இழுத்துச் செருகியபடி கத்திய கத்தலில், ஆவடியில் ராணுவ டாங்கி ஓட்டிப் பார்ப்பவர்களே காதைப் பொத்தியிருப்பார்கள்.

கோவில்பதாகை மெயின் ரோட்டில், ஞானசௌந்தரி ஸ்டோர்ஸ் வாசலில் உணவுப் பாதுகாப்பு அதிகாரி ஸ்ரீகாந்தும் அவருடைய ஆட்களும் திகைத்து நின்றார்கள். அரசு தடை செய்த மாவாப் புகையிலை இந்தக் கடையில் இருப்பதாகப் போனில் புகார் வந்திருக்கிறது என்று அவர் சொன்னதுதான் தாமதம். அவருடைய படிப்பு, உத்தியோகம், தொப்பை என ஒன்று விடாமல் அவள் விசாரித்துவிட்டாள்.

கல்லாவில் உட்கார்ந்திருந்த அவள் புருஷன் ஜஸ்டின் கல்லாப்பெட்டிக்குள்ளேயே தலையை விட்டுக்கொண்டான். ஏனென்றால் மாவா இருந்தது.

விற்பதற்கு இல்லை, சொந்த வாய்க்கு. கன்னத்தின் உள்பக்கம் வெள்ளைத் திட்டைப் பார்த்த டாக்டர், புகையிலையை விடாவிட்டால் ஒருநாள் தாடையையே எடுக்க வேண்டி வரும் என்று சொல்லி மூன்று மாதம் ஆகிறது. அன்றைக்கே மனைவி தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். மறுநாளே, அவள் சர்ச்சில் பூசைக்குப் போன நேரமாகப் பார்த்து, பொட்டலங்களை ஒளித்து வைத்தான். வாசனையை மறைக்க அவன் மென்று தீர்த்த ஏலக்காயில் ஒரு கல்யாணத்துக்கே பாயசம் வைத்திருக்கலாம்.

இப்போது அகப்பட்டால் கடைக்கு சீல். அதுகூடப் பரவாயில்லை, சீலை என்றைக்காவது எடுத்துவிடுவார்கள். ஞானசௌந்தரி வாயைத் திறந்தால் அதை மூட ஆண்டவரே நேரில் இறங்கி வர வேண்டும்.

போட்டுக் கொடுத்தது யார் என்று அவன் யோசிக்கவே இல்லை. எதிர்க்கடை கோவிந்தராஜ்தான். தண்ணீர் கேன் வியாபாரத்தில் ஆரம்பித்த பகை அது. இதோ, டீ கிளாஸும் கையுமாக நின்று, சோதனையைத் திருவிழா போல வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறான், படுபாவி.

அரிசி மூட்டை, பருப்பு டின், பிஸ்கட் பெட்டி எல்லாவற்றையும் கிளறிப் பார்த்துவிட்டு, தகவல் தப்புபோல என்று ஸ்ரீகாந்த் கிளம்பப் பார்த்தார். ஜஸ்டினுக்குப் போன உயிர் பாதி திரும்பியது. ஞானசௌந்தரி வழியை மறித்தாள்.

"இன்னா சார், அவ்ளோதானா? மொளகா மூட்டைய உங்க மாமியாரா வந்து கொட்டிப் பாப்பாங்க? கைநீட்டிக் காசு வாங்கிக்கினு போய்ட்டானுங்கன்னு நாளைக்குத் தெரு பேசும். முழுசாப் பாத்துட்டுப் போ."

மிளகாயைக் கொட்டினார்கள். அதிகாரிகள் தும்மிய தும்மலில் திருவேற்காடு வரை காக்கை பறந்தது. போதும், பாவம் அவங்க போகட்டும் என்று ஜஸ்டின் கெஞ்சினான்.

"நீ சும்மா கெட. மடில கனம் இருக்கறவனுக்குத்தான் வழில பயம்."

அவளுக்குக் கனம் இல்லை, பேசுகிறாள் என்று அவன் மனதுக்குள் அழுதான். ஸ்கூட்டர் சீட்டைத் தூக்க வைத்தாள். பிரிட்ஜை நகர்த்த வைத்தாள். ஒவ்வொரு இடத்திலும் ஒன்றும் கிடைக்காமல் ஸ்ரீகாந்த் அசடு வழிய, அவள் ஏச்சு ஒரு படி ஏறியது.

"கவர்மெண்டு சம்பளம் வாங்குற, ஒரு பொட்டலம் தேடத் தெரியல. பரண்ல பாத்தியா?"

ஏணியையும் அவளே கொண்டு வந்து போட்டாள். மேலே கிறிஸ்துமஸ் சாமான்தான் இருக்கிறது என்று ஜஸ்டின் ஈனக்குரலில் சொல்லிப் பார்த்தான்.

"இருந்தா இன்னா? எறக்கிப் பாக்கட்டும். ஏசுநாதர் ஒண்ணியும் கோச்சிக்க மாட்டாரு."

குடில் பெட்டி இறங்கியது. டிசம்பர் வரை ஒருவரும் தொடாத பெட்டி. ஸ்ரீகாந்த் சூசையப்பரை எடுத்தார், மாட்டை எடுத்தார், மூன்று ராஜாக்களையும் மரியாதையாக ஓரமாக வைத்தார். அடியில் இருந்த வைக்கோலுக்குள் கையை விட்டார்.

ஒன்றன்பின் ஒன்றாகப் பொட்டலம் வந்தது. ராஜாக்கள் பொன்னும் தூபமும் வெள்ளைப்போளமும் கொண்டு வந்ததாகத்தான் வேதத்தில் இருக்கிறது. மாவா கொண்டு வந்ததாக எங்கும் இல்லை.

மிளகாயில் சிவந்த கண்ணோடு ஸ்ரீகாந்த் சந்தோஷமாகப் போட்டோ பிடித்தார், சீல் வைக்க ஆளை அனுப்பினார். ஞானசௌந்தரி பொட்டலங்களை ஒவ்வொன்றாக எண்ணினாள்.

அவள் எண்ணி முடித்து இடி தன் தலையில் விழுவதற்குள் ஜஸ்டின் அதை வேறு பக்கம் திருப்பிவிட வேண்டும். செருப்பைக் கழற்றிக்கொண்டு ரோட்டில் இறங்கினான்.

"டேய் கோவிந்தராஜ், நீதானேடா போன் போட்ட? போன் போட்டவன் கை வெளங்காமப் போவ. அவன் குடும்பம் நடுத்தெருவுக்கு வர."

கோவிந்தராஜ் டீ கிளாஸைக் கீழே போட்டுவிட்டு, பெற்ற பிள்ளைகள்மீது சத்தியம் செய்தான். ஜஸ்டின் கேட்பதாக இல்லை. செருப்போடு கை மேலே போனது.

பின்னாலிருந்து ஞானசௌந்தரி அந்தக் கையைப் பிடித்தாள். மற்றொரு கையால், பிரிட்ஜிலிருந்து எடுத்த ஜில் சோடாவை ஸ்ரீகாந்திடம் நீட்டினாள்.

"அந்தாள ஏன்யா திட்ற? மூணு மாசமா நான் தேடி கெடைக்கலன்னுதான் இவங்கள வரச் சொன்னேன்."