கண் சிமிட்டும் கேட் விளக்கு

பொம்மை ரயிலுக்கு விளக்குச் சரிபண்ணப் போன இடத்தில் தங்கை புருஷன் திருடனாக அகப்படுவான் என்று வீரய்யா கனவிலும் நினைக்கவில்லை.

வீரய்யா கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலைத் தொழிற்சாலை இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டர். வெள்ளிக்கிழமை காலை, துரை மலையைச் சுற்றிப் பார்க்கப் போன நேரமாகப் பார்த்துத் துரைசாணி அவனைப் பங்களாவுக்குக் கூப்பிட்டனுப்பினாள். துரை சீமையிலிருந்து கொண்டுவந்த சின்ன ரயில் அங்கே ஓர் அறை முழுக்க ஓடும். ரோடு குறுக்கிடும் இடத்தில் ஒரு கேட். ரயில் வருவதைச் சொல்ல அதன் இரண்டு பக்கமும் இரண்டு சிவப்பு விளக்குகள். இரண்டும் பதினைந்து நாளாக எரியவில்லை.

"தொரை யாரும் தொட விடாது. நீ களவா சரி பண்ணு. ஞாயித்துக்கிழமை தொரைக்குப் பொறந்தநாள். பாத்து சந்தோஷப்படணும்," என்றாள் துரைசாணி, தனக்குத் தெரிந்த தமிழில்.

நல்ல மனசுக்காரி. அவளுடைய சிவப்புக்கல் தோடு காணாமல் போயும் ஏறக்குறைய அவ்வளவு நாள்தான். அந்தக் கவலையிலும் புருஷனின் பிறந்தநாளை மறக்கவில்லை.

துரையோ அந்தக் களவுக்கு உடனே பங்களாவில் சமைத்துப் பரிமாறும் அப்பு மூக்கனைக் கைகாட்டிவிட்டார். ஏப்ரல் ரேசில் அவர் நம்பிப் பணம் கட்டிய குதிரைகள் ஒன்றுவிடாமல் கவிழ்த்ததிலிருந்தே ஆள் சிடுசிடுப்பாகத்தான் இருந்தார். ஆனாலும் பிறந்தநாளுக்குக் கேக் சுட வேறு ஆள் இல்லை. ஆகவே மூக்கனுக்குத் திங்கட்கிழமை வரை தவணை. அதற்குள் தோடு வராவிட்டால் வேலையை விட்டு நிறுத்தும் பத்துச்சீட்டைக் கையில் கொடுத்துத் தோட்டத்தை விட்டே அனுப்பிவிடுவார். மூக்கனின் மனைவி, வீரய்யாவின் தங்கை மீனம்மா, தோட்டம் கொடுத்த லயத்துக் காம்பராவைக் காலி செய்துகொண்டு மூன்று பிள்ளைகளோடு தெருவில் நிற்க வேண்டியதுதான்.

வீரய்யா விளக்கைக் கழற்றினான். கம்பி இற்றுப்போகவில்லை, யாரோ கத்தரியால் நறுக்கியிருந்தார்கள். கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில், மெழுகு வைத்து ஒட்டிய சிவப்புக் கல், துவரம்பருப்பு அளவில். அடுத்த விளக்கிலும் அப்படியே. போன வருஷம் தோட்டின் கொக்கி உடைந்தபோது பற்றவைத்துக் கொடுத்தவனே அவன்தான். கல்லைத் தெரியாதா?

இந்த அறைக்குத் தூசி தட்ட வருகிறவன் மூக்கன் ஒருவன்தான். பாவி, உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணிவிட்டானே என்று மனதுக்குள் திட்டித் தீர்த்தான். அடுத்த நிமிஷமே மீனம்மாவின் முகம் வந்து நின்றது. கோபம் போய் அழுகை வந்தது.

கல்லைக் கொண்டுபோய்க் கொடுத்தால் எங்கே கிடைத்தது என்று கேட்பார்கள். எடுத்து வைத்துக்கொண்டால் அவனும் திருடன். யோசித்து யோசித்துக் கடைசியில் ஒரு வழி பிடித்தான். கல் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். எல்லாரும் பார்க்கத் தானாக வெளிச்சத்துக்கு வரட்டும். கல் கிடைத்த சந்தோஷத்தில், அதை யார் அங்கே வைத்தது என்று துரைசாணி கிளறப் போவதில்லை.

மளமளவென்று வேலையில் இறங்கினான். நறுக்கிய கம்பியை இணைத்து, பழைய பல்புகளைக் கழற்றிவிட்டுப் பிரகாசமான டோர்ச் பல்புகளைப் போட்டான். தண்டவாளத்துக்கு அடியில் பித்தளைத் தகடுகளை மடித்து வைத்தான். எஞ்சின் சக்கரம் தகடுகளைத் தட்டத் தட்ட, முன்பு சும்மா எரிந்துகொண்டிருந்த விளக்குகள் இனி மாறி மாறிக் கண் சிமிட்டும். பார்க்காதவனும் பார்ப்பான்.

ஒரே பயம் மூக்கனைப் பற்றித்தான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். விளக்கைக் கண்டதும் பயந்து தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிட்டால்? ஞாயிற்றுக்கிழமை, கேக் சுட்டுக்கொண்டிருந்தவனைக் குசினியில் மடக்கினான்.

"மாப்ள, ரயிலு ஓடுறப்ப என்னாத்தப் பாத்தாலும் சரி, கையில இருக்க தட்டக் கீழ போட்டுறாத."

"என்னா மச்சான் இப்புடிச் சொல்லிட்டீங்க? இருவது வருசமா தட்டுத் தூக்குறேன். ஒரு கோப்பைய ஒடைச்சிருப்பேனா?"

எமகாதகன், என்னமாய் நடிக்கிறான் என்று வீரய்யா வியந்துபோனான்.

நாலு மணிக்குப் பக்கத்துத் தோட்டத்துத் துரைமார், துரைசாணிமார், பொலிஸ் இன்ஸ்பெக்டர் எல்லாரும் கையில் தேநீரோடு ரயிலைச் சுற்றி நின்றார்கள். துரைசாணி இங்கிலீஷில் ஏதோ கொஞ்சலாகச் சொல்லிவிட்டு வீரய்யாவைப் பார்த்துத் தலையசைத்தாள். அவன் சுவிட்சைப் போட்டான்.

எஞ்சின் வளைவில் திரும்பிக் கேட்டை நெருங்கியது. இடது விளக்கு, வலது விளக்கு, இடது, வலது. வெறும் கண்ணாடிக்கு ஏது அந்தச் சிவப்பு? துரைசாணி குனிந்து பார்த்தாள். அவள் கை தானாகத் தன் வெறுங்காதுக்குப் போனது.

படீரென்று கோப்பை உடையும் சத்தம்.

போச்சு, மீனம்மா குடி கெட்டது என்று வீரய்யா மூக்கனைத் திரும்பிப் பார்த்தான். மூக்கன் தட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி, ஒரு சொட்டுத் தேநீர்கூடச் சிந்தாமல், வாயைப் பிளந்து விளக்கை ரசித்துக்கொண்டிருந்தான்.

உடைந்தது பிறந்தநாள்காரரின் கோப்பை.