முகவரி இல்லாத பங்கு

"பதினேழு பேர்ல பதினாறு பேரப் புடிச்சுட்டேன் சார். ஒருத்தங்கதான் அகப்பட மாட்டேங்கறாங்க."

கீகன், விவசாயி டெல்மரின் சமையலறை மேசையில் நில வரைபடத்தை விரித்து, அது சுருண்டுகொள்ளாமல் இருக்க நான்கு மூலையிலும் காப்பிக் கோப்பைகளை வைத்தான். எண்ணெய் நிறுவனத்துக்காகக் குத்தகைக் கையெழுத்து வாங்குவது அவன் வேலை. ஓக்லஹோமாக்காரன். வடக்கு டகோட்டாவின் காற்றை வந்த நாளிலிருந்து திட்டிக்கொண்டிருந்தான்.

மேல் மண் டெல்மருடையது. அதில் அவர் கோதுமை விதைத்தார். இரண்டு மைல் ஆழத்தில் கிடக்கும் எண்ணெயோ, அவருடைய அப்பா ஹால்வரின் வழிவந்த பதினேழு பேருக்கும் பொது.

"அதுல பாதிப் பேரு எங்க கல்யாணத்துக்கே வரல," என்றார் டெல்மர். "எண்ணெய்ன்னதும் எல்லாருக்கும் வழி தெரிஞ்சுபோச்சு."

அவர் மனைவி ஆர்லிஸ் சிரித்துக்கொண்டே காப்பி ஊற்றினாள்.

டெல்மர் போட்டது ஒரே நிபந்தனை. வடகிழக்கு மூலையில் இருக்கும் கற்குவியலைச் சுற்றி நூறு அடிக்குள் எந்த வண்டியும் வரக் கூடாது. கீகன் அதைக் குறித்துக்கொண்டான்.

"வெறும் கல்லு தம்பி அது," என்றாள் ஆர்லிஸ். "நாப்பது வருஷமா டிராக்டர வளைச்சு வளைச்சு ஓட்டறாரு. அள்ளிப் போடச் சோம்பேறித்தனம், வேற என்ன?"



பனி உருகியதும் ஒவ்வோர் ஆண்டும் நிலம் புதிதாகக் கற்களைத் துப்பும். மகன்கள் இருவரும் சிறு வயதில் பொறுக்கி வந்து அந்தக் குவியலில் வீசப் போனால், டெல்மர் ஓடி வந்து தடுப்பார்.

"எறியாதீங்கடா. வைங்க."

அதைச் சொல்லிச் சொல்லி மகன்கள் இன்றும் அவரைக் கிண்டல் செய்வார்கள்.

"யாரு அந்தப் பதினேழாவது ஆளு?" என்று கேட்டாள் ஆர்லிஸ்.

கீகன் பத்திர நகலைத் தேடி எடுத்தான். "பேரு சைன். சைன் போடச் சொன்னாத்தான் ஆளக் காணோம்!"

தன் வேடிக்கைக்குத் தானே சிரித்தான்.

"பெரியவர் ஹால்வர் அவங்க பேருக்கு அஞ்சு ஏக்கர் கனிம உரிமை எழுதியிருக்காரு. அறுபத்தேழு, ஜனவரி பதினொண்ணு. அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்ல. பள்ளிக்கூடம், லைசென்ஸ், கல்யாணம், எதுலயும் பேரு வரல. இப்ப நாப்பத்து மூணு வயசு இருக்கணும்."

ஆர்லிஸின் கையில் காப்பிக் குவளை அப்படியே நின்றது.

"சைன் இல்ல," என்றாள். "சிக்னே."

வெளியூர்க்காரர்கள் அந்த எழுத்துகளை அப்படித்தான் வாசிப்பார்கள். அவன் மேல் தவறில்லை. ஆனால் அந்தப் பெயரை இந்தச் சமையலறையில் அவள் வாய் திறந்து சொன்னது அதுதான் முதல் தடவை.

பேரப்பிள்ளை ஒவ்வொன்றும் பிறந்த அன்றே ஹால்வர் ஐந்து ஏக்கர் எழுதி வைப்பது வழக்கம். சிக்னே பிறந்த அன்றும் அந்தப் பனியில் கிழவர் பத்திர அலுவலகம் வரை வண்டி ஓட்டிப் போயிருக்கிறார். அது இதுவரை ஆர்லிஸுக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை.

குழந்தை இரண்டு நாள்தான் இருந்தது.

ஆர்லிஸ் காய்ச்சலில் மருத்துவமனையிலேயே கிடந்தாள். மூன்று வாரமா, நான்கா, அவளுக்கு நிச்சயமில்லை. வீடு திரும்பியபோது தொட்டில் இல்லை. அதைப் பற்றிப் பேச்சே எடுக்க வேண்டாம், மறப்பதுதான் மருந்து என்று டாக்டர் டெல்மரிடம் சொல்லியிருந்தார். டெல்மரோ பிறர் சொன்னதைக் கேட்கிற மனிதர்.

ஜனவரியில் மண் நாலடி ஆழத்துக்கு இரும்பாக இறுகியிருக்கும். பனி உருகும்வரை தேவாலயக் கல்லறையில் குழி வெட்டமாட்டார்கள். அந்த மே மாதம் அவள் தனியாகப் போய் அங்கே வரிசை வரிசையாக நடந்து பார்த்தாள். இரண்டு முறை பார்த்தாள். புதுக் குழி எதுவும் இல்லை.

கேட்டால் அவர் உடைந்துபோவாரோ என்று முதல் வருடம் கேட்கவில்லை. பிறகு கேட்காமலிருப்பதே பழகிவிட்டது.

"தெரிஞ்சவங்களா மேடம்?" என்றான் கீகன், பேனாவைத் திறந்தபடி. "எங்க இருக்காங்க?"

இவ்வளவு சுலபமாகக் கேட்டுவிட முடிகிறது.

குவளையை மேசையில் வைத்தாள். அது வரைபடத்தின் மேல் வட்டமாக ஈரம் பதித்தது.

"டெல்மர், தம்பி கேக்குது பாரு. எங்க இருக்கா?"

டெல்மர் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு விரல் மட்டும் நகர்ந்தது. வரைபடத்தின் மேல் மெல்ல ஊர்ந்து வடகிழக்கு மூலைக்குப் போய், அங்கிருந்த காப்பிக் கோப்பையைத் தள்ளிவிட்டு நின்றது.

"சார், அது கல்லுக் குவியல். நான் கேட்டது அந்த அம்மா..."

கீகன் நிறுத்திக்கொண்டான். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தான்.

ஆர்லிஸ் அந்த விரலையே பார்த்தாள்.

"தலை எந்தப் பக்கம்?"

"முகம் வீட்டப் பாத்து," என்றார் டெல்மர். "இந்த ஜன்னலப் பாத்து வெச்சேன்."