மலைக்கு வந்த கரண்டிமூக்கன்

“கருவாட்டு நாத்தம் கொஞ்சம் அடிக்கும். மனசுல வெச்சுக்காதீங்க தம்பி.”

வேன் கதவைத் திறந்துவிட்டபடி மஹ்ரூப் சங்கடமாகச் சிரித்தார். கொழும்பு ரயிலில் வந்து கண்டியில் இறங்கியிருந்த சுதேஷ், பையை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறினான்.

“பரவாயில்ல நானா. மன்னார்க் கருவாடா?”

“வேற எங்க? போன கிழம அவ்வளவு தூரம் போய் வந்ததுக்கு கெடச்சது அது மட்டுந்தான்.”

கண்டி டவுனில் பித்தானும் நூலும் விற்கிற மஹ்ரூபுக்கு ஊர் வைத்த பெயர் குருவி நானா. கடைக்கு ஆள் வந்து நின்றாலும் கூரையில் ஏதாவது பறந்தால் அவர் கண் அங்கேதான் போகும். அப்படிப்பட்ட மனிதரை ஏழு வருடமாக ஏய்த்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு பறவை.

கரண்டிமூக்கு உள்ளான். சிட்டுக்குருவி அளவுதான், மூக்கின் நுனி மட்டும் கரண்டி மாதிரி தட்டையாக இருக்கும். உலகத்திலேயே சில நூறுதான் மிச்சம் என்கிறார்கள். குளிர்காலத்தில் எப்போதாவது ஒன்று மன்னார்க் கடலோரத்தில் இறங்கும். அதைத் தேடி அவர் ஏழு முறை போய், ஏழு முறையும் வெறும் கண்ணோடு திரும்பியிருந்தார்.

போன கிழமையும் அதே கதைதான். மனைவி றலியாவிடம் கருவாடு வாங்கச் சொல்லிவிட்டுச் சேற்றில் இறங்கியவர், பொழுது சாயும்போதுதான் கரையேறினார். அதுவரை வெயிலில் வேனுக்குள் வெந்துகொண்டிருந்த றலியா, வழி நெடுக வாய் திறக்கவில்லை. அன்றிலிருந்து அந்த வேனில் அவள் கால் வைக்கவும் இல்லை.

“பறவயயும் காணல்ல. நடுச்சாமத்துக்கு முந்தி வரணுமேன்டு வெரசா வந்தா, மன்னார்ப் பாலத்துல கல்லடிச்சு முன் கிரிலும் ஒடஞ்சது. பொஞ்சாதியும் மூஞ்சத் தூக்கிட்டா. எங்கட நசீபப் பாருங்க தம்பி!”

சுதேஷ் சிரித்தான். “அதுக்குத்தானே நானா, இப்ப அதுவே உங்களத் தேடிக் கண்டிக்கு வந்திருக்கு.”

விஷயம் அதுதான். எங்கோ ஒரு நாட்டில் அந்தப் பறவையின் முதுகில் சின்னக் கருவி ஒன்றைக் கட்டி விட்டிருந்தார்கள். வெயில் பட்டால் போதும், அது இருக்கும் இடத்தைச் செய்மதி சொல்லிவிடும். போன கிழமை வரை மன்னாரில் நின்ற புள்ளி, திடீரென்று மலையேறிவிட்டது. திங்கட்கிழமை கடுகண்ணாவை. இன்று காலை கண்டிக்குப் பக்கத்துக் கட்டுகஸ்தோட்டை.

கடற்கரைப் பறவைக்கு மலையில் என்ன வேலை என்று கொழும்புப் பறவைச் சங்கத்தில் யாருக்கும் விளங்கவில்லை. கண்டியில் அவர்களுக்கு இருந்த ஒரே ஆள் மஹ்ரூப். கூட்டத்துக்குப் போனால் கடைசிக் கதிரையைக் காட்டுகிறவர்கள், நேற்றுத் தாங்களாகவே அழைப்பெடுத்து, “மஹ்ரூப் சேர், சுதேஷை அனுப்புகிறோம்” என்றார்கள். அந்த ‘சேர்’ அவர் காதில் இன்னும் இனித்துக்கொண்டிருந்தது.

“கடுகண்ணாவயா? திங்கக்கிழம நானும் அங்க ஒரு கலியாண ஊட்டுல தானே நின்ட! ஒருக்கா தலய நிமித்திப் பாத்தேனில்லயே!” மஹ்ரூப் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

கட்டுகஸ்தோட்டை மகாவலிக் கரையில், அவர் வீட்டுக்கு ஐந்து நிமிட நடையில், மூங்கில் புதரோரமாக வேனை நிறுத்தினார். சுதேஷ் பையிலிருந்து ஏரியல் ஒன்றை எடுத்து விரித்து, சிக்னல் பிடிக்கும் பெட்டியில் பொருத்தினான். பறவை கிட்ட இருந்தால் பெட்டி கத்தும், நெருங்க நெருங்கக் கூடுதலாகக் கத்தும் என்றான்.

போட்ட உடனேயே கத்தியது.

மஹ்ரூப் தொலைநோக்கியின் உறையைக் கழற்றினார். ஏழு வருடம்! வாய்க்குள் பிஸ்மில்லாஹ் சொல்லிக்கொண்டு தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தார். மணல் திட்டில் இரண்டு கொக்கும் ஒரு எருமையும்தான் நின்றன.

சுதேஷ் தண்ணீர்ப் பக்கம் நடந்தான். சத்தம் குறைந்தது. திரும்பி ரோட்டுப் பக்கம் வந்தான். சத்தம் கூடியது. வேனின் முன்பக்கம் வந்து குந்தியபோது, பெட்டி மூச்சு விடாமல் அலறியது.

“இங்கதான் நானா! ரெண்டு மூணு அடிக்குள்ள! வேனுக்கு அடியில, புல்லுக்குள்ள எங்கயோ!”

“மெல்லப் பேசுங்க, பயந்துடும்!” மஹ்ரூப் பூனைபோல நடந்து வந்தார். கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் அவருக்குத் தோன்றவில்லை. “மலநாட்டுல இத மொதல்ல கண்டது நான்தான்டு எழுதுவீங்கதானே தம்பி?”

“உங்கட பேர்தான் நானா. சத்தியமா.”

சுதேஷ் முழங்காலிட்டு வேனுக்கு அடியில் எட்டிப் பார்த்தான். பிறகு முகத்தைச் சுளித்து மூக்கைப் பொத்திக்கொண்டான். “நானா, குறை நினைக்காதீங்க. உள்ளுக்க இருந்தத விட இங்கதான் நாத்தம் கூட.”

மஹ்ரூபுக்கு மானம் போனது. வாழ்க்கையிலேயே பெரிய நாளில், கொழும்பிலிருந்து வந்த பிள்ளைக்கு முன்னால் கருவாட்டு நாற்றமா! கைபேசியை எடுத்து வீட்டுக்கு அழைத்தார். பறவை கலைந்துவிடக் கூடாதே என்று குசுகுசுவென்று சீறினார்.

“றலியா, அந்தக் கருவாட்டு மூட்டய வேன்ல எங்க வெச்ச? ஒரு கிழமயா நாறிட்டு ஈக்கி. எடுத்து வெக்க ஏலாதா ஒனக்கு?”

உடைந்த கிரிலுக்கு நேராகப் பெட்டி அலறிக்கொண்டே இருந்தது.

“கருவாடா? நான் வாங்கவே இல்லயே.”