மூன்று வாரத் தூக்கம்

“என்ன அண்ணே, இன்னைக்கும் கண் அசந்துட்டீங்களா?”

தையல்கடைக்காரி கேட்டதும் மோட்டார்காரர் தலையைச் சொறிந்தார். “ஆமாம்மா. எங்கிருந்துதான் வருதோ, பாழாப்போன தூக்கம்.”

காலை ஐந்து மணிக்கு ஆழ்குழாய்க் கிணற்று மோட்டாரைப் போட்டுக் குடிநீர்த் தொட்டியை நிரப்புவது அவர் வேலை. ஆறு மணிக்கு அங்கே மின்சாரம் நின்றுவிடும். பதினெட்டு வருஷம் ஒருநாள்கூடத் தவறாதவர், மூன்று வாரமாகத் தினமும் தூங்கிப்போனார். தொட்டி காலி. குடிநீர் அலுவலகம் வேறு வழியில்லாமல் மலையடிவார ஏரியிலிருந்து லாரியில் தண்ணீர் அனுப்பியது.

லாரிக்குக் குடத்தோடு நிற்கிற பெண்களுக்கு அவர்தான் பொழுதுபோக்கு. கும்பகர்ணன் என்று பெயர் வைத்தார்கள். இந்த வயசில் புதுமாப்பிள்ளை மாதிரி எழுந்திருக்க முடியவில்லையா என்று அவர் மனைவியையே கேட்டுச் சிரித்தார்கள். தையல்கடைக்காரி ஓர் அலாரக் கடிகாரமே வாங்கிக் கொடுத்தாள். அவர் அதைக் காதில் வைத்துப் பார்த்து, நன்றாக அடிக்கிறது என்று மெச்சினார். மறுநாளும் தூங்கினார்.

வீட்டுக்கு இரண்டே குடம் என்றால் சிரிப்பு எத்தனை நாளைக்குத் தாங்கும்? கடைசியில் தையல்கடைக்காரியே மனு எழுதினாள். தெருவே கையெழுத்துப் போட்டது. கூப்பிட்டுக் கண்டிப்பார்கள் என்றுதான் நினைத்தாள். குடிநீர் அலுவலக அதிகாரியோ படித்ததும் முகம் மலர்ந்து, அன்றைக்கே அவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டார். அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் புது ஆள் மோட்டாரைப் போட, விடிந்ததும் குழாயில் தண்ணீர் கொட்டியது. குடத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தால், தெருமுனையிலிருந்து மோட்டார்காரர் வேகுவேகென்று வந்துகொண்டிருந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தாள்.

“அண்ணே, நான் இப்படி ஆகும்னு நெனைக்கல...”

அவர் குழாயை மூடினார். குடத்தைத் தூக்கிச் சாக்கடையில் கவிழ்த்தார். அப்புறம்தான் மூச்சு வாங்கிக்கொண்டு பேசினார்.

“ரசாயனக் கம்பெனிக் கழிவு நம்ம கிணத்துல இறங்கிடுச்சும்மா. பரிசோதனை முடிவு வந்து மூணு வாரமாச்சு. மோட்டாரைப் போடு, யார்கிட்டயாவது வாயைத் திறந்தா வேலை போயிடும்னு ஆபீஸ்ல சொன்னாங்க.”

சட்டைப் பையிலிருந்து மடித்த பரிசோதனைத் தாளை எடுத்து அவளிடம் நீட்டினார்.

“இப்பதான் வேலை போயிடுச்சே. வாங்க, வீடு வீடாச் சொல்லிட்டு வருவோம்.”