செத்தவீட்டுச் சிகரெட்

'டிக்' என்றொரு சத்தம். கொஞ்சம் இடைவெளி. அதற்குப் பிறகுதான் செந்தூரன் அண்ணையின் குரல் போனிலிருந்து வெடித்தது.

"யதுர்ஷன், உனக்கு வெக்கமா இல்லையோடா? இவ்வளவு பேர் உனக்காக இஞ்ச இருக்கிறம். தட்டத்தைக் கண்டவுடன கையை நீட்டிப்போட்டு வந்து கதை சொல்லுறாய். உன்னைக் குறூப்பில வைச்சிருக்கிறதோ கழிக்கிறதோ எண்டு பின்னேரம் சொல்லுறன்."

உருத்திரபுரம் வீதியோரம் விரித்திருந்த படங்கில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. அதைக் காலால் கிளறிக்கொண்டிருந்த யதுர்ஷன் அப்படியே நின்றுவிட்டான்.

'புகையில்லா வன்னி' என்ற அந்த வாட்ஸ்அப் குறூப்பைத் தொடங்கினவர் செந்தூரன். சிகரெட்டை விட நினைக்கும் பெடியள்தான் அதில் எல்லாரும். முகம் தெரியாது, குரல் மட்டும் தெரியும். தவறி ஒன்றைப் புகைத்துவிட்டால் எழுதக்கூடாது, குரலைப் பதிந்து வொய்ஸில்தான் சொல்ல வேணும். எழுத்தில பொய் சொல்லலாம், குரலில ஏலாது என்பார் செந்தூரன். ஆசை வந்தால் யாருக்காவது கோல் எடுக்க வேணும். அதுவும் அவர் வைத்த சட்டம்தான்.

காலையில் யதுர்ஷனும் சட்டப்படி உண்மையைச் சொன்னான்.

"நேற்று துணுக்காயில பெரியப்பான்ர செத்தவீடு. வெத்திலையும் சிகரெட்டும் வைச்சுத் தட்டத்தை நீட்டினது அவற்ர மகன். அழுதுகொண்டு நிக்கிறவனுக்கு வேண்டாமெண்டு சொல்ல வாய் வரேல்ல. ஒண்டு பத்தினனான்."

உடனே சிரிப்புப் படங்கள் விழுந்தன. "பெரியப்பாவுக்குத் துணைக்குப் போகப் போறியோ மச்சான்?" என்று ஒருவன். அதற்கு மேல் இப்போது அண்ணையின் ஏச்சு.

வேப்பமர நிழலில் பிள்ளையோடு இருந்த மனைவி மேனுகாவுக்கும் எல்லாம் கேட்டுவிட்டது.

"அந்த மனிசன் கேட்டதில என்ன பிழை? வாற வெள்ளிக்கிழமை பிள்ளையைத் தூக்கத் தருவம் எண்டு நினைச்சனான். இனி எங்க?"

சிகரெட்டை விடும்வரை பிள்ளையைத் தொடக்கூடாது என்பது அவளுடைய சட்டம்.

"குறூப்பும் கழிச்சுவிட்டா நீங்கள் பழையபடி பெட்டி பெட்டியாத்தான்."

அது அவனுக்கும் தெரியும். தனியே விட்டுப் பார்த்தபோதெல்லாம் தோற்றவன். தலை நிமிராமல் அந்த வொய்ஸைத் திரும்பப் போட்டான். முதல் கொஞ்சத்தை மட்டும். மறுபடியும் அதையே.

"ஏன் திருப்பித் திருப்பிப் போடுறியள்? ஏச்சு இனிக்குதோ?"

அவன் போனைக் காதோடு அழுத்தி இன்னொருதரம் கேட்டான். பிறகு படங்கின் ஓரத்தில் குந்தி எழுதினான், அழித்தான், எழுதினான்.

"குறூப்பிலயோ எழுதுறியள்?"

"இல்லை. அண்ணைக்குத் தனிய. அனுப்பிப்போட்டன்."

"காலில விழுறியளாக்கும்."

"அப்பிடித்தான் வைச்சுக்கொள்ளுமன்."

"இஞ்ச தாங்கோ பாப்பம்!" ஒரு கையில் பிள்ளை, மறுகையால் போனைப் பறித்துவிட்டாள். உரத்து வாசிக்கத் தொடங்கியவளின் குரல் போகப் போகத் தணிந்தது.

"அண்ணை, அந்த வொய்ஸை உடன அழிச்சுவிடுங்கோ. தொடக்கத்தில லைட்டர் தட்டுற சத்தம் கேக்குது. பத்தினவனுக்குத்தான் அது பிடிபடும், மற்றவை கவனிக்க முன்னம் எடுத்துவிடுங்கோ. நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். இண்டைக்கு நான் பட்ட வெக்கம் உங்களுக்கு வேண்டாம். ஆசையை அடக்க ஏலாமல் வந்தா எனக்குக் கோல் எடுங்கோ."

மேனுகா குறூப்பைத் திறந்து பார்த்தாள். அண்ணையின் குரல் இருந்த இடத்தில் 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று கிடந்தது.

அவள் கையிலேயே போன் அடித்தது. அதை அவனிடம் நீட்டினாள்.

மறுபக்கத்தில் மூச்சு மட்டும்தான் கேட்டது.

"அவசரமில்லை அண்ணை, நான் இருக்கிறன்" என்றான் யதுர்ஷன். போனைக் காதுக்கும் தோளுக்கும் இடையில் செருகிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து நெல்லைக் கிளறத் தொடங்கினான்.