பேசிக்கொண்டே ஓடும் வேகம்

"மாரத்தான் பயிற்சிக்கு முன்னாடி உடம்புக்கு அஸ்திவாரம் போடணும்மா. மூச்சு வாங்காம பேசிக்கிட்டே ஓடுற வேகம் போதும்னு கோச் சொன்னார்" என்றான் கணவன்.

"அதுக்குத் தினமும் போன்ல ஒருத்தி வேணுமாக்கும்! நேத்து பூங்காவுல நீங்க சிரிச்சுச் சிரிச்சுப் பேசினதைப் பார்த்தேன்."

"ஒருத்தியும் இல்லம்மா. யாருன்னு சொன்னா நீ கத்துவே."

ஷூ மாட்டக் குனிந்தவனின் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். அவன் கடைசியாகப் பேசிய எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்ன மாப்பிள்ளை, இன்னும் ஓடக் கிளம்பலையா?" என்றது தளர்ந்த குரல். "என் பொண்ணு எப்படி இருக்கா? என் மேல கோபம் கொஞ்சமாவது தணிஞ்சுதா?"

கல்யாணத்துக்கு வர மறுத்த அப்பாவோடு அன்றே பேச்சை முறித்துக்கொண்டவள் அவள்.

கணவனை நிமிர்ந்து பார்க்கவே கூசியது.

"நல்லா இருக்கேன்ப்பா" என்றாள்.