எதையெல்லாம் பிடுங்கணும்?

“டிரெஸ்ஸர் ஐயா, கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க. இதுல எது விஷச் செடி, எது நல்ல செடின்னு நீங்கதான் பார்த்துச் சொல்லணும்.”

தேவகி கையுறை மாட்டிக்கொண்டு மண்வெட்டியோடு நின்றாள். திகாம் பத்துவில் ஒரு தாமான் குடியிருப்பின் கடைசி வீடு அது. ஓரத்து வீடு என்பதால் பக்கவாட்டில் நிறைய இடம். இடம் முழுக்கச் செடிகள்.

பக்கிரிசாமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். செமிலிங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் முப்பது வருடம் டிரெஸ்ஸராக இருந்தவர். தோட்டத்து மருந்தகத்தில் ஊசி போடுவது, காயத்துக்குக் கட்டுப் போடுவது, பாம்புக்கடிக்கு முதலுதவி எல்லாமே அவர்தான். வேலையை விட்டுப் பல வருடம் ஆகியும் அந்த மிடுக்கு மட்டும் அப்படியே இருந்தது.

“யாருக்காவது ஏதாச்சும் ஆச்சா?”

“வீட்டுக்காரரு போன மாசம் ஏதோ விதையை வாயில போட்டுட்டாருங்க. ஒரே வாந்தி, பேதி. ஆறு நாள் வார்டுல வெச்சிருந்தாங்க. விஷச் செடி எல்லாத்தையும் பிடுங்கிடுங்கன்னு டாக்டரு சொல்லிட்டாரு. எனக்கு எது எதுன்னு தெரியலலா.”

“ஹேண்ட்போன்லயே பார்க்கலாம்னு சொல்றாங்களே?”

“மக பார்த்தா. ஒரே செடிக்கு மூணு பேரு காட்டுது.”

பக்கிரிசாமி லேசாகச் சிரித்தார். ஹேண்ட்போன் தோற்றதில் அவருக்குத் திருப்தி.

வேலி ஓரமாக நடந்து, முதல் செடியின் முன்னால் நின்றார்.

“இது ஆமணக்கு. விதையை முழுசா முழுங்கினா ஒருவேளை தப்பிக்கலாம். மென்னு முழுங்கினா போச்சு. பிடுங்குங்க.”

தேவகி பிடுங்கினாள்.

“வேலியில ஏறியிருக்கிறது குன்றிமணி. இதுவும் அதே மாதிரிதான். கீழ கொட்டியிருக்கிற விதையெல்லாம் பொறுக்கிடுங்க. ஒண்ணுகூட விடக் கூடாது.”

அவள் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். அவர் பொறுமையாகக் காத்திருந்தார்.

“இது செவ்வரளி. இலை, பூ, குச்சி, எல்லாமே விஷம். அது ஊமத்தை. பக்கத்துல இருக்கிறது தூதுவளை. அதைத் தொடாதீங்க, சளிக்கு ரசம் வைக்கலாம்.”

வெட்டிப் போட்ட செடிகள் குவிந்தன. தேவகியின் முதுகு வியர்வையில் நனைந்தது. பக்கிரிசாமிக்குக் கோபம் ஏறிக்கொண்டே போனது.

“ஏம்மா, வீட்டைச் சுத்தி இவ்வளவு விஷத்தை யாரு நட்டு வெச்சது?”

“வீட்டுக்காரருதாங்க. எங்க போனாலும் ஒரு செடி கொண்டாந்துடுவாரு. மருந்துச் செடின்னு சொல்லுவாரு.”

“அவரே நட்டு, அவரே தின்னாரா?”

“ஆமாங்க.”

“என்ன மனுஷன்மா அவரு! கூப்பிடுங்க, நான் நாலு வார்த்தை பேசணும்.”

“எவ்வளவோ கூப்பிட்டுப் பார்த்துட்டேங்க. வரமாட்டேங்குறாரு.”

பக்கிரிசாமி தலையை ஆட்டிக்கொண்டார். இப்படிப்பட்ட ஆண்களைத் தோட்டத்தில் அவர் நிறையப் பார்த்திருக்கிறார்.

கால்வாய் ஓரத்தில், வெள்ளைப் பூவோடு ஒரு சின்னச் செடி இருந்தது. அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். குனிந்தார். நிமிர்ந்தார்.

“இதோட பேரு... நாக்கு நுனியில நிக்குது.”

“பரவாயில்லங்க. தெரியலன்னா அதையும் பிடுங்கிடறேன்.”

“தெரியலன்னு யாரு சொன்னா? கொஞ்சம் கடிச்சுப் பார்த்தா சொல்லிடுவேன்.”

இலையைக் கிள்ளி, கசக்கி, வாயருகே கொண்டுபோனார். தேவகி மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். இலை கீழே விழுந்தது.

“என்னம்மா இது? நான் டிரெஸ்ஸர்மா!”

“மன்னிச்சுக்குங்க ஐயா. போன மாசத்துலேருந்து எனக்கு எதைப் பார்த்தாலும் பயமா இருக்கு.”

அவள் கண்ணில் நீர் நிற்பதைப் பார்த்ததும் அவருடைய குரல் இறங்கிவிட்டது. மருந்தகத்து வாசலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்ற தாய்மார்களிடம் பேசிய குரல்.

“அழாதீங்க. அதான் பொழைச்சு வந்துட்டாரில்ல?”

“வந்துட்டாருங்க.”

“இனிமே அவரைத் தனியா விடாதீங்க. உங்க கண்ணு முன்னாலயே இருக்கட்டும்.”

“அப்படித்தாங்க வெச்சிருக்கேன்.”

பெயர் தெரியாத செடியையும் அவள் வேரோடு பிடுங்கிக் குவியலில் போட்டாள். அவர் மறுக்கவில்லை.

மணி பன்னிரண்டரை ஆகிவிட்டது. தேவகி குழாயைத் திறந்து, சோப்புப் போட்டு இரண்டு தடவை கைகழுவச் சொன்னாள். அவரும் நகக்கண் வரை தேய்த்துக் கழுவினார்.

“சாப்பாடு தயாரா இருக்குங்க. உள்ள வாங்க, சாப்பிடலாம்.”

“அதெல்லாம் வேணாம். யாராச்சும் என்னை வீட்டுல கொண்டுபோய் விட்டா போதும்.” வாசல் கேட் பக்கம் பார்த்தார். “நேரமாச்சு. தேவகி காத்துக்கிட்டு இருப்பா. கல்யாணம் ஆன நாள்லேருந்து நான் போகாம அவ ஒரு வாய்கூடச் சாப்பிட்டதில்ல.”

“தெரியுங்க. அவளுக்கு ரொம்பப் பசிக்குது, வாங்க” என்று தேவகி தன் கணவரின் ஈரக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள்.